திருடனுக்கு நல்ல முகம்

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரின் பின்சக்கரம் காற்றிறங்கிவிட்டது. நல்லவேளையாக இசக்கிப்பாண்டியின் பஞ்சர் கடைக்கு எதிரிலேயே இறங்கியது. நல்லவேளை என்று கடையைத்தான் சொல்கிறேன், இசக்கிப்பாண்டியை அல்ல. ட்யூபை வெளியே இழுத்து, தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். யாரைப் பார்த்தாலும் அவர் அப்படித்தான் பார்ப்பார். இரண்டு புருவமும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். கீழுதடு முன்னால் வந்து நிற்கும்.

“இது ட்யூபா டீச்சர்? ஒட்டு மேல ஒட்டு. இதுல காத்து நிக்கணும்னா நானும் உங்ககூட தினம் பள்ளிக்கூடத்துக்கு வரணும்.”

புது ட்யூப் மாட்டச் சொன்னேன். அதற்கும் அதே பார்வை.

எட்டாம் வகுப்புக்கு மாம்பழம். கட்டம் போட்டுப் பெரிதாக்கும் பாடம். ஒரு பெண் தன் மாம்பழத்துக்குக் கண் வைத்திருந்தாள். அழிக்கச் சொன்னேன். ஓவிய ஆசிரியருக்கென்று தனிப் பாணி, தனிக் கை இருக்கக் கூடாது. மாணவிகளுக்கு அறவே கூடாது. மாம்பழம் மாம்பழம் மாதிரி இருந்தால் போதும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

இரவுக்கு ரவை தோசை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மூன்றாம் பீரியடில் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு செண்பகம் வந்து வகுப்பு வாசலில் நின்றார். “டீச்சர், இன்ஸ்பெக்டர் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ. பயப்படாதீங்க, படம் வரையத்தான்” என்றார். முதல் வாக்கியத்தைச் சத்தமாகவும் இரண்டாவதை மெதுவாகவும் சொன்னதால், இடைவேளைக்குள் நான் கைதான செய்தி பள்ளி முழுக்கப் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் கருணாகரன் திருச்சிப் பக்கத்துக்காரர். எங்கள் வாகைநேரிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. பிள்ளையார் கோவில் தெருவில் ஒரு வீட்டில் சங்கிலி திருட்டு. எதிர்வீட்டுக் கேமராவைச் சதுர்த்திக்குக் கட்டிய பேனர் மறைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் முகம் வரைகிற மாவட்டத்து ஆள் சென்னையில் பயிற்சியில் இருக்கிறார். டி.எஸ்.பி. அவசரப்படுத்துகிறார்.

மனித முகம் நான் வரைவதில்லை என்று சொன்னேன்.

“மாங்கா வரைவீங்கல்ல? அதேதான் டீச்சர். கண்ணு மூக்கு வச்சா முகம்.”

நான் முகம் வரைவதை நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. மாதா கோவிலின் பங்கு மண்டபச் சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவு வரைந்து கொடுத்தேன். திறந்துவைத்த அன்றே இரண்டு பாட்டிமார், காட்டிக்கொடுத்த யூதாசுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள். பன்னிரண்டு பேரிலும் அவன் முகம்தான் அதிக சாந்தமாக இருந்ததாம். கடைசியில் பங்குத்தந்தை ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் எழுத வைத்தார். நான் யாரை வரைந்தாலும் கண் கொஞ்சம் பெரிதாகிவிடும். உதடு ஏதோ நல்லது சொல்ல வருகிற மாதிரி நிற்கும். இது கையின் கோளாறு. அதற்கு மருந்து முகம் வரையாமல் இருப்பது. இதையெல்லாம் இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை.

சங்கிலியைப் பறிகொடுத்தவர் கோமதியம்மாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். நடந்ததை எங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னார்.

“தாம்பாளத்துல வெத்தல பாக்கு பழம், மேல கல்யாணப் பத்திரிகை. பத்திரிகை வைக்க வந்திருக்கேன் பெரியம்மான்னு நின்னான். யாருன்னு தெரியல. தாம்பாளத்தோட வந்து நிக்கிற பிள்ளைகிட்ட, நீ யாருன்னு எப்படிம்மா கேக்க? மனசு கஷ்டப்படும்லா?”

“அப்ப பேரே கேக்கலையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அம்மா நல்லாருக்காவளான்னு கேட்டேன். நல்லாருக்காவன்னான். சக்கரை குறைஞ்சிருக்கான்னு கேட்டேன். இப்பத்தான் குறைஞ்சிருக்குன்னான்.”

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

கோமதியம்மாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காகச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். காபி போட உள்ளே போனார். அவன் காபியைக் குடித்தான். அவன் அம்மாவுக்கு என்று இவர் முறுக்கு கட்டிக் கொடுத்தார். காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு போனான். சங்கிலி இல்லை என்பது மத்தியானம்தான் தெரிந்தது. பத்திரிகை நிஜப் பத்திரிகைதான். அது எப்போதோ நடந்து முடிந்த கல்யாணம். அந்த வீட்டாருக்கு இப்படி ஒரு ஆளைத் தெரியாது.

“முகம் எப்படி இருந்துச்சு?”

“நல்ல முகம். பந்தியில, இன்னொரு அப்பளம் வைக்கட்டான்னு கேக்கும்லா, அந்த மாதிரி ஒரு முகம்.”

“அப்பளத்த எழுதாதீங்க” என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஊர்வல பந்தோபஸ்துக்குக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் இருவரும் ஏட்டின் மேசையில் உட்கார்ந்தோம். கோமதியம்மாள் சொல்லச் சொல்லப் போட்டேன். கண் பெரிதாகிவிட்டது. உதடும் அப்படியே. திருப்பிக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “இந்தப் பிள்ளையேதான்” என்றவர் கண் கலங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் இல்லாததால் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஃப்ரிட்ஜ் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். “என்ன படம் ஹெலன்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பள்ளி வேலை என்றேன். நான் வரைந்த முகத்தை இவரிடம் காட்டுகிற பழக்கம் இல்லை. யூதாசை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறவர். வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறவர் என்பதால், தாலுகாவில் எந்தக் கல்யாண வீட்டுக்கு அண்டா போனாலும் அந்தக் கதையும் கூடவே போகும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

படத்தைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“டீச்சர், இத ஊர்ல ஒட்டுனா ஸ்டேஷனுக்குத் தகவல் வராது. ஜாதகம் வரும்.”

செண்பகம் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

“திருடன் மாதிரி வேணும் டீச்சர். இத டி.எஸ்.பி. பார்த்தா என்னை என்ன நினைப்பாரு? புருவத்தத் தடியாக்குங்க. முழியில ஒரு திருட்டுத்தனம் வேணும். உங்களுக்குத் தெரியாததா?”

அவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குற்றவாளிகள் படம் ஒட்டிய பலகையின் எதிரில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். பார்த்துப் படித்தேன். பலரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரித்தான் இருந்தார்கள், அதிகம் உதவவில்லை. பிறகு தாளை எடுத்ததும் கை தானாகவே போட்டுவிட்டது. இரண்டு புருவமும் நடுவில் வந்து முட்டின. கீழுதடு முன்னால் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் படம் மாதிரியே இல்லை. நல்ல முன்னேற்றம்.

“இதான் மூஞ்சி!” என்று மேசையில் தட்டினார் இன்ஸ்பெக்டர்.

கோமதியம்மாளை வரவழைத்துக் காட்டினார்கள். வெகுநேரம் பார்த்தார். “இன்ஸ்பெக்டர் சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். பிறகு, “அன்னைக்கு சிரிச்சுட்டு இருந்தான். அதான் வித்தியாசமாத் தெரியுது போல” என்றார்.

முதல் படத்தின் மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார்கள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாதா கோவிலில் கொடியேற்றம். பஸ் நிலையம், ரேஷன் கடை, கோவில் வளைவு எல்லா இடத்திலும் படம் ஒட்டிவிட்டார்கள். கூட்டத்தில் இவர் என் காதில், “எங்கயோ பார்த்த முகமா இருக்கே” என்றார். திருடன் என்றால் நாலு இடத்தில் நடமாடியிருப்பான்தானே.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாதா கோவிலில் நவநாள் செபம். இட்லிக்கு அரைத்தேன். இசக்கிப்பாண்டி கடை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற கடை. அவருக்குக் காய்ச்சலாக இருக்கலாம்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை வழிபாட்டில் தலைமையாசிரியை சகோதரி ஒலிபெருக்கியில் அறிவித்தார். நம் ஓவிய ஆசிரியை ஹெலன் ஞானசெல்வி வரைந்த படத்தால் ஓர் ஆள் சிக்கியிருக்கிறான். வெள்ளிக்கிழமை ஆசிரியர் தின விழாவுக்கு இன்ஸ்பெக்டரே சிறப்பு விருந்தினராக வருகிறார். பிள்ளைகள் கை தட்டினார்கள். மாம்பழத்துக்குக் கண் வைத்தவளும் தட்டினாள்.

சிக்கிய ஆளின் பெயரைச் சகோதரி சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்க வேண்டியிருந்தது.

மாலையிலும் கடை பூட்டித்தான் கிடந்தது. இப்போதெல்லாம் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் படுத்துகிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இசக்கிப்பாண்டியின் மனைவி பேச்சிக்கனி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“காலையில ஸ்டேஷன்ல போயி உக்காரணும். ராத்திரிதான் விடுதாவ. போலீஸு அடிக்கல டீச்சர், பொய் சொல்லக் கூடாது. ஆனா எப்ப பாத்தாலும், சங்கிலி எங்க, சங்கிலி எங்கங்காவ. அவரு மொறைக்காரு. பாத்தியா, எப்படி மொறைக்கான்னு சொல்லுதாவ. திங்கக்கிழமை கோர்ட்டுல நிப்பாட்டி உள்ள போட்டுருவாவளாம்.”

தண்ணீர் கொடுத்தேன்.

“மொறைக்கிறவருதான். இல்லங்கல. வெயில்ல உக்காந்து உக்காந்து மூஞ்சி அப்படியே நின்னுபோச்சு. கட்டுன அன்னைக்கு அப்படி இல்ல. நீங்க எத்தன வருசமா அவரைப் பாக்கீங்க. படம் வரைஞ்சது நீங்களாம்லா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாவ.”

சாட்சி சொன்னதைத்தான் நான் வரைந்தேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சாட்சி சொன்னதைத்தான் நான் வரைந்தேன். எழுதிப் பார்த்தாலும் சரியான வாக்கியமாகத்தான் இருக்கிறது.

துணி மடித்து முடித்தேன். இவருடைய வேட்டி ஒன்றில் சாம்பார்க் கறை.

செப்டம்பர் 3, புதன்

பள்ளிக்கு ரயில்வே கேட் வழியாகப் போனேன். சுற்றுவழிதான். ஆனால் அந்தப் பக்கம் வேகத்தடைகள் குறைவு.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தின விழா. இன்ஸ்பெக்டர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மாவட்டத்தில் கம்ப்யூட்டர் செய்யாததை எங்கள் டீச்சரின் பென்சில் செய்துவிட்டது என்றார். எங்கள் டீச்சர் என்றதும் பெரிய கைதட்டல். முதலில் படம் வேறு மாதிரி வந்ததையும், தான் கொஞ்சம் திருத்தங்கள் சொன்னதையும் அடக்கத்துடன் குறிப்பிட்டார். பொன்னாடை ஜரிகை போட்டது. கழுத்தில் குத்திக்கொண்டே இருந்தது.

கோமதியம்மாளையும் அழைத்திருந்தார்கள். விழா முடிந்து லட்டும் காராசேவும் கொடுக்கும்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிடிபட்டவரை அவரிடம் காட்டினார்களா என்று கேட்டேன்.

“காட்டுனாவ.”

“அவர்தானா?”

காராசேவை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். “பாத்த உடனே தெரிஞ்சு போச்சும்மா, இவன் இல்லன்னு” என்றார்.

“சொல்லலையா?”

“எப்படிச் சொல்ல? எனக்குன்னு சேர் போட்டு, ஃபேனைத் திருப்பி வச்சு, மாதுளம் ஜூஸ் வாங்கிக் குடுத்தாரு. பெரிய அதிகாரி. அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடிச்சிருக்காரு. இவன் இல்லன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்ல? யோசிச்சுச் சொல்லுதேன்னேன். அவரு அத ஆமான்னு எடுத்துக்கிட்டாரு.”

நான் லட்டைத் தட்டிலேயே வைத்தேன்.

“அது மட்டுமில்ல” என்றார். “நீங்க வரையத் தெரிஞ்சவங்க. மொத படத்த மாத்தி நீங்களே இன்னொண்ணு வரைஞ்சீங்க. அப்ப நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

நாளை உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். “வாங்க வாங்க, இது என்ன கேள்வி” என்றார். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

செப்டம்பர் 6, சனி

காலையில் மீன் வாங்கிச் சுத்தம் செய்து வைத்துவிட்டு, காகிதமும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொண்டு கோமதியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒரு வேலையாகத்தான் போனேன்.

அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை எனக்குக் காட்டினார். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டேன். அவன் எப்படி உட்கார்ந்தான் என்று உட்கார்ந்து காட்டச் சொன்னேன். நாற்காலியின் நுனியில், எப்போது கூப்பிட்டாலும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்தார். எழுபது வயதுக்காரர் ஓர் இளைஞனாக உட்கார்ந்த விதத்தில் அவன் முகம் எனக்குத் தெரிந்துவிட்டது.

கண்ணைப் பெரிதாகப் போட்டேன். பெரிதாகத்தான் போட்டேன். அழிக்கவில்லை. உதட்டை ஏதோ சொல்ல வருகிற மாதிரியே விட்டேன். பாதியில் கோமதியம்மாள், “அந்த வாய்தாம்மா, அந்த வாய்தான்” என்று கையைத் தட்டினார். பென்சில் தாளில் ஓடுகிற சத்தம் ஒன்று உண்டு. நெல் அளக்கும்போது வருகிற மாதிரி. அது எனக்குக் கேட்டு வெகுநாளாகியிருக்கிறது. பள்ளியில் சாக்பீஸ் சத்தம்தான்.

படம் முடிந்த பிறகும் காகிதம் மிச்சம் இருந்தது. கோமதியம்மாள் முறுக்கு டப்பாவைத் திறக்கிறதை வரைந்தேன். அவர் கையை வரைந்தேன். காபி டம்ளரை வரைந்தேன். டம்ளருக்கும் முகம் இருக்கிற மாதிரி வந்தது. “இது என்ன, டம்ளர் என்னப் பாத்துச் சிரிக்கி” என்றார். இது எதுவும் வழக்குக்குத் தேவையில்லை. அதனால் இங்கே விவரமாக எழுதவில்லை. எழுந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது. மீன் ஞாபகமே வரவில்லை. நான் ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்ததாகக் கோமதியம்மாள் சொல்கிறார். அவருக்கு வயதாகிறது.

வீட்டுக்கு வந்து படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கவிழ்த்து வைக்கவில்லை. இவர் கை கழுவிவிட்டு வந்தார்.

“இது நம்ம வேலாயுதம்லா?”

எந்த வேலாயுதம் என்றேன்.

“சமையல்காரர் கூட வருவான்லா, பந்தி பரிமாற. அப்பளக் கூடைய எடுத்துக்கிட்டு, இன்னொண்ணு வைக்கட்டா அண்ணாச்சின்னு நிப்பானே, அவன்தான். அப்படியே உரிச்சு வச்ச மாதிரி வரைஞ்சிருக்கியே. எதுக்கு அவன வரைஞ்ச?”

மண்டபங்களில் மிச்சமாகிக் கிடக்கிற பத்திரிகைகள் எல்லாம் அவன் கைக்குத்தான் போகும் என்பதையும் இவரே சொன்னார்.

எதற்கு வரைந்தேன் என்பதைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. “மொத படத்த அன்னைக்கே என்கிட்டக் காட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே” என்றார்.

அன்றைக்கு அடுப்பில் தோசை இருந்தது என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். பெஞ்சில் இசக்கிப்பாண்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். வழக்கமான பார்வைதான். ஆனால் வழக்கமாக நான் பதிலுக்குப் பார்ப்பேன்.

இன்ஸ்பெக்டர் புதுப் படத்தைக் கையில் வாங்கவில்லை.

“என்ன டீச்சர் இது? பொன்னாடை போட்ட மடிப்பு இன்னும் கலையல. நாளைக்குக் கோர்ட். பேப்பர் எல்லாம் ரெடி.”

“அந்தப் படம் சாட்சி சொன்னது இல்ல சார். நீங்க புருவம் கேட்டீங்க, நான் புருவம் போட்டேன்.”

“யார் புருவம்?”

பெஞ்சின் பக்கம் கையைக் காட்டினேன். “தினம் பாக்கிற புருவம். எனக்குக் கோபமான முகம்னா அது ஒண்ணுதான் தெரியும்.”

இசக்கிப்பாண்டி எழுந்து நின்றுவிட்டார். செண்பகம் அவரை உட்காரச் சொன்னார்.

“யோசிச்சுப் பேசுங்க டீச்சர்” என்றார் இன்ஸ்பெக்டர். “இத வெளிய சொன்னா ஊர்ல உங்க பேர் என்ன ஆகும்? ஸ்கூல்ல என்ன நினைப்பாங்க?”

அதை யோசித்துத்தான் மூன்று நாள் சுற்றுவழியில் போனேன். அதைச் சொல்லவில்லை. எழுதித் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். எழுதிக் கொடுத்தேன். கோமதியம்மாளும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். “சார், நீங்க தப்பா நினைச்சுக்கிடக் கூடாது” என்று தொடங்கி, அந்த ஜூஸ் ரொம்ப நன்றாக இருந்ததாகச் சொல்லி, கடைசியில், “ஆனா இந்தத் தம்பி இல்ல” என்று முடித்தார். சொல்லி முடித்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. செண்பகம் ஃபேனைத் திருப்பி வைத்தார்.

முகூர்த்த நாள். வேலாயுதம் எந்த மண்டபத்தில் இருப்பான் என்பது இவருக்குத் தெரியும். அண்டா கொடுத்ததே இவர்தான். இன்ஸ்பெக்டர் அரைமனதோடு அனுப்பிய செண்பகத்தை அழைத்துக்கொண்டு போனார். அவன் அப்பளக் கூடையோடுதான் நின்றிருந்தானாம். கல்யாண வீட்டில் கலவரம் வேண்டாம் என்று கடைசிப் பந்தி முடிகிற வரைக்கும் செண்பகம் காத்திருந்தாராம். உட்காருங்க அக்கா, இலை போடுதேன் என்று அவனே இலை போட்டுப் பரிமாறினானாம். சாப்பிட்டுவிட்டுத்தான் பிடித்தார். சங்கிலி அவன் தங்கியிருந்த அறையில் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் இசக்கிப்பாண்டியை விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இரவு பழையது. இவருக்குக் கல்யாணச் சாப்பாடு.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று மாதா திருவிழா, இன்று பாத்திரம் கழுவுகிற திருவிழா.

செண்பகம் வழியில் நிறுத்திச் சொன்னார். வேலாயுதம் தன் படத்தைப் பார்த்துவிட்டு, “இது யாரு வரைஞ்சா? எங்கம்மா பாத்தா சந்தோசப்படும். ஒரு காப்பி குடுப்பீங்களா?” என்று கேட்டானாம். படம் வழக்கில் சேர்ந்துவிட்டதால் கொடுக்க முடியாதாம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நான் வரைந்த முகத்தை இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை. இருந்தாலும் அவன் சங்கிலி திருடியிருக்கக் கூடாது.

இன்ஸ்பெக்டர், முதல் படமே சரி என்று தனக்கு அப்போதே ஒரு எண்ணம் இருந்ததாகச் சொல்லிவருகிறாராம்.

சகோதரி என்னைக் கூப்பிட்டார். பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று நானே கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

செய்தித்தாளில் வந்துவிட்டது. ‘சங்கிலித் திருடன் பிடிபட்டான்’ என்று போட்டு, பக்கத்தில் படம். பழைய படம். புருவம் முட்டுகிற படம்.

செப்டம்பர் 13, சனி

காலையில் பழைய வழியில் போனேன். இசக்கிப்பாண்டி கடைக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

அவர் ஒரு லாரி டயரை உருட்டிக்கொண்டிருந்தார். பேச்சிக்கனி டப்பாவிலிருந்து ரப்பர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். “என் தப்புதான்” என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

“சரி” என்றார் அவர். டயரை உருட்டிச் சுவரில் சாத்தினார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்தார். “இதுக்கு என்ன சொல்லுதீங்க? விட்ட பொறவும் நான்தான் திருடன். வாறவன்லாம் பஞ்சர் ஒட்டும்போது கையையே பாக்கான். டீக்கடையில சர்க்கரை டப்பாவ உள்ள எடுத்து வைக்காவ.”

“பேப்பர்ல திருத்தம் போடச் சொல்லி எழுதியிருக்கேன்.”

“அத எவன் படிப்பான்? நீங்க படத்தால கெடுத்தீங்க, படத்தாலயே சரி பண்ணுங்க. என்னய வரைங்க. பேரு போட்டு, கடைப் பேரு போட்டு, அந்தப் படம் எங்கெங்க ஒட்டுனாவளோ அங்கெல்லாம் ஒட்டணும்.”

ஸ்கூட்டர் பெட்டியில் காகிதம் இருந்தது. இந்த வாரம் முழுவதும் அது அங்கேதான் இருக்கிறது. வினாத்தாள் கட்டைவிட முந்தி அதைத்தான் எடுத்து வைக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். புருவம் முட்டியது. உதடு வந்தது. பல வருடமாகப் பார்த்த முகம்; அதை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெயிலுக்காகச் சுருங்கிய கண். அதற்குள்ளே, நம்மை யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்கிற ஒரு சின்னப் பையனின் கவலை. புருவத்தை இருக்கிறபடியே போட்டேன், முட்டத்தான் முட்டியது. கண்ணைப் போடும்போது, என் கை எப்போதும் போடுகிற பெரிய கண்ணையே போட்டேன். பள்ளிக்கு மணி அடித்திருக்கும். சனிக்கிழமை சிறப்பு வகுப்புதான்; மாம்பழம் காத்திருக்கும்.

டீக்கடைக்காரர் வந்து பின்னால் நின்றார். கிரீஸ் வாங்க வந்தவரும் நின்றுவிட்டார்.

முடித்துக் கொடுத்தேன். இசக்கிப்பாண்டி இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பேச்சிக்கனி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இவருதான்” என்றாள் அவள். “கட்டுன அன்னைக்கு இப்படித்தான் இருந்தாரு.”

“நீ சும்மா இரு” என்றார் அவர். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குரலைத் தணித்துக்கொண்டார். “டீச்சர், நல்லாத்தான் இருக்கு. ஆனா இத ஒட்டுனா ஒருத்தன் பாக்கி தரமாட்டான். நாளைக்கு வா, நாளைக்கு வான்னுட்டுப் போயிருவான். இந்த மூஞ்சிக்கு எவன் பயப்படுவான்? முழியில மட்டும் கொஞ்சம் கோவத்தப் போட்டுத் தாங்க.”

பென்சில் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“மாட்டேன்” என்றேன்.

அவர் முறைத்தார். நானும் பார்த்தேன். அதற்குள் பேச்சிக்கனி உள்ளே போய்த் தலையை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து, புருஷனை எழுப்பிவிட்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.